‘மூணுதரம்’ சொன்ன பிறகு விற்பவர் கைவிரித்தால்?
பழம்பொருள் சேகரிப்போர் கேள்வி – பதில்

எஸ்.கே., திண்டுக்கல்: இணைய ஏலத்தில் எச்.எம்.வி. 102 பெட்டி கிராமபோன் ஒன்றை 4,600 ரூபாய்க்கு எடுத்தேன். ‘ஏலம் உங்களுக்கே’ என்று தளத்திலிருந்து மின்னஞ்சலும் வந்தது. மறுநாள் விற்பவர், ‘பேக் செய்யும்போது விழுந்து உடைந்துவிட்டது’ என்று எழுதி ரத்து செய்துவிட்டார். பத்து நாள் கழித்து அதே பெட்டி வேறொரு தளத்தில் 9,000 ரூபாய் விலையோடு நிற்கிறது. நான் இன்னும் பணம் கட்டவில்லை. எனக்கு உரிமை ஏதும் உண்டா?

உண்டு. பணம் கட்டாததால் விற்பனையே நடக்கவில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள்; அதை நம்பிவிடாதீர்கள். 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு ஏலத்துக்கென்றே எழுதப்பட்டது. சுத்தியல் விழும்போது, அல்லது வழக்கத்தில் உள்ள வேறு முறையில் ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்போது விற்பனை முடிகிறது என்கிறது அது. நம் ஊரில் ‘மூணுதரம்’ என்ற சொல்லுக்கு உள்ள வேலை அதுதான். இணையத்தில் அந்தச் சொல்லின் இடத்தில் கடிகாரம் இருக்கிறது. நேரம் முடிந்து ‘ஏலம் உங்களுக்கே’ என்று தளம் அறிவித்துவிட்டால் இரண்டு பக்கமும் கட்டுப்பட்டாயிற்று. அந்த அறிவிப்பு வரும்வரை, ஏலம் கேட்டவர் தன் கேட்பை, அதாவது தான் சொன்ன விலையை, திரும்பப் பெற இந்தச் சட்டம் இடம் தருகிறது.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். சில தளங்களின் விதிமுறையில் ‘விற்பவர் உறுதி செய்த பிறகே விற்பனை முடியும்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அது இருந்தால் உங்கள் நிலை பலவீனம். இல்லையென்றால் மேலே படியுங்கள்.

பழம்பொருள் ஒவ்வொன்றும் தனிப் பொருள். கடையில் அடுக்கி வைத்த புது மிக்ஸியைப் போல ஒன்று போனால் இன்னொன்று என்று எடுத்துக் கொடுக்க முடியாது. இப்படிக் குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய, கொடுப்பதற்குத் தயாராக உள்ள பொருளுக்கு நிபந்தனையில்லாத ஒப்பந்தம் ஆகிவிட்டால், பணமும் பொருளும் கைமாறாவிட்டாலும் உரிமை அந்த நிமிடமே வாங்கியவருக்கு வந்துவிடுகிறது என்பது அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு. பணம் வரும்வரை பொருளைப் பிடித்து வைத்திருக்க விற்பவருக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் இல்லை.

ஆனால் 30-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விற்ற பொருள் இன்னும் விற்றவர் கையிலேயே இருந்து, அதை அவர் விவரம் தெரியாத மூன்றாவது ஆளிடம் விற்றுக் கொடுத்தும்விட்டால், நல்லெண்ணத்தோடு வாங்கிய அந்த ஆளுக்கு உரிமை போய்விடும். பிறகு உங்களுக்கு மிஞ்சுவது நஷ்டஈடு மட்டுமே. பெட்டி 9,000 ரூபாய்க்கு நிற்கிறது என்றால் இன்னும் விற்கவில்லை என்று பொருள். அதனால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியவை: இரண்டு விளம்பரப் பக்கங்களையும் முகவரி வரியும் தேதியும் நேரமும் தெரியும்படி படம் பிடித்து, பி.டி.எஃப். ஆகவும் சேமியுங்கள். இரண்டிலும் உள்ள புகைப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெக்ஸின் உறையின் கிழிசல், பூட்டின் தேய்மானம், தட்டின் துணியில் உள்ள கறை என்று குறைந்தது மூன்று அடையாளங்களை வட்டமிடுங்கள். ‘இது வேறு பெட்டி’ என்பதுதான் அவருடைய அடுத்த பதிலாக இருக்கும். படம் எடுத்த கைபேசியை மாற்றாதீர்கள். வழக்கு என்று வந்தால் மின்னணு ஆவணத்துக்கு 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே விற்பவருக்கு எழுதுங்கள். திட்ட வேண்டாம். ‘இந்தத் தேதியில் இந்த எண்ணுள்ள ஏலத்தை 4,600 ரூபாய்க்கு எடுத்தேன். முழுத் தொகையும் அஞ்சல் செலவும் கட்ட இப்போதே தயாராக இருக்கிறேன். ஏழு நாளில் பொருளை அனுப்புங்கள்’ என்ற மூன்று வாக்கியம் போதும். ‘கட்டத் தயார்’ என்பதை விட்டுவிடாதீர்கள். பொருளையே கொடுக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்பவர், தன் பங்கைச் செய்யத் தயாராக இருந்ததை நிரூபித்தாக வேண்டும். உடைந்தது என்றால் உடைந்த நிலையில் படம் கேளுங்கள். ‘உடைந்ததையும் வாங்கிக்கொள்கிறேன், விலையைப் பேசிக்கொள்வோம்’ என்றும் சேர்த்து எழுதுங்கள். உண்மையில் உடைத்தவர் அரைமணியில் படம் அனுப்புவார்.

மூன்றாவது, தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பலர் கேட்கத் தவறுவது ஒன்று உண்டு: வாங்கிய பிறகு எழுத்தில் கேட்டால், விற்பவரைத் தொடர்புகொள்ளத் தேவையான முகவரி, மின்னஞ்சல் விவரங்களைத் தளம் தர வேண்டும். முகவரி இல்லாமல் நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது. எனவே முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இதற்கு மேல் எங்கே போவது என்பது விற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. தொடர்ந்து பழம்பொருள் விற்கும் வியாபாரி என்றால் நுகர்வோர் ஆணையம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம். தீராவிட்டால் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவரின் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. விலை கொடுத்தவர் மட்டுமல்ல, கொடுப்பதாக ஒப்புக்கொண்டவரும் நுகர்வோர்தான். ஆனால் வாங்கி மறுவிற்பனை செய்வதற்காக எடுத்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். விற்பவர் பரணைச் சுத்தம் செய்து ஒரே ஒரு பொருளை விற்ற தனிமனிதர் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே கெடு மூன்று ஆண்டு.

நஷ்டஈட்டுக் கணக்கு: பொதுவாக, கொடுத்திருக்க வேண்டிய நாளின் சந்தை விலையிலிருந்து ஏல விலையைக் கழிப்பது. அவர் கேட்கும் 9,000 சந்தை விலை ஆகாது. அது ஆசை விலை. அதே மாதிரி, அதே நிலையில் உள்ள பெட்டிகள் உண்மையில் விற்று முடிந்த மூன்று நான்கு ஏலங்களைக் காட்டுங்கள். அவை சராசரியாக 7,500-க்குப் போயிருந்தால் உங்கள் நஷ்டம் 2,900 ரூபாய். இந்தத் தொகைக்காக உரிமையியல் வழக்குப் போடச் சொல்ல மாட்டோம். ஆணையமும், வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்றும் போதும். பெரும்பாலும் நோட்டீஸிலேயே பெட்டி வந்துவிடும்.

விலை உயர்ந்த, மாற்றுக் கிடைக்காத பொருளென்றால் கணக்கே வேறு. 2007-இல் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று: ஈபேயில் 1946-ஆம் ஆண்டு விர்ராவே விமானம் 1,50,000 டாலருக்கு ஏலம் போனது. விற்பவர், வேறொருவர் ஒரு லட்சம் டாலர் கூடுதலாகத் தருகிறார் என்று பின்வாங்கினார். பணமாக ஈடு கொடுத்தால் போதாது, விமானத்தையே கொடு என்றது நீதிமன்றம். இணைய ஏலமும் முழு ஏலமே என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

கடைசியாக ஒரு வார்த்தை. 102 ரகம் 1931-இல் வந்தது. ஒலிக்கூம்பு பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதற்காகப் போராடலாம். பளபளக்கும் பித்தளைக் கூம்பும் நாய்ப் படமும் ஒட்டிய மரப்பெட்டி என்றால் விட்டுவிடச் சொல்லியிருப்போம். அவற்றில் பெரும்பாலானவை பழைய மோட்டாரையும் புதுக் கூம்பையும் சேர்த்து அண்மைக் காலத்தில் பூட்டியவை.

வாசகி, கும்பகோணம்: அப்பா சேர்த்த நாணயங்களில் 1911 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயை 500 ரூபாய் தொடக்க விலையில் ஏலம் விட்டேன். 2,350-க்கு முடிந்தது. முடிந்த மறுநாள் ஒருவர் 5,000 தருவதாகச் சொல்கிறார். தம்பியும், ‘என்னைக் கேட்காமல் எப்படி விற்றாய்?’ என்கிறான். நான் ரத்து செய்யலாமா, கூட்டுச் சொத்து என்று காரணம் சொல்லலாமா?

ரத்து செய்யாதீர்கள். பொருளின் மதிப்பைக் குறைவாக நினைத்துவிட்டோம் என்பது ஒப்பந்தத்தை உடைக்கும் பிழை அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு விளக்கத்திலேயே, பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான கருத்து உண்மை பற்றிய பிழை ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாணயம் அசல் என்று இரண்டு பேரும் நம்பி, பிறகு போலி என்று தெரிந்தால் அது வேறு. அப்போது ஒப்பந்தமே செல்லாது.

தம்பி விஷயம் உண்மையானது. ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டிய நேரம் ஏலத்துக்கு முன்பு. கூட்டுச் சொத்து மற்றவர்களின் சம்மதத்தோடு உங்கள் கையில் தனியே இருந்தால், விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு நீங்கள் விற்றது செல்லும் (பொருள் விற்பனைச் சட்டம், 28-ஆம் பிரிவு). தம்பிக்கு அவருடைய பங்கைப் பணமாகக் கொடுங்கள். அவர் சம்மதமே இல்லாமல் எடுத்து விற்றிருந்தால் உடனே வாங்குபவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ‘தொலைந்துவிட்டது’ என்று பொய் எழுதிவிட்டு 5,000 ரூபாய்க்காரரிடம் கொடுப்பதுதான் உங்களைச் சிக்கலில் மாட்டும். நாணயச் சேகரிப்பாளர் வட்டம் சிறியது, அந்த நாணயம் மீண்டும் ஒரு படத்தில் வரும்போது கீறலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த நாணயங்களுக்கு இப்படிச் செய்யுங்கள். முதலில் எடை. நல்ல நிலையில் உள்ள ரூபாய் 11.66 கிராம், 1939 வரையிலானவற்றில் வெள்ளி 91.7 சதவீதம், 1940 முதல் பாதிதான். ஆக, பழைய ரூபாய் ஒன்றில் ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது தரைவிலை. அதற்குக் கீழே தொடக்க விலை வைக்காதீர்கள். வெள்ளி வேகமாக ஏறும் மாதங்களில், ஏலம் முடிந்து அஞ்சலுக்குப் போவதற்குள் மனம் மாறும் விற்பவர்கள் அதிகம். காரணம் தொடக்க விலையைக் கணக்குப் போடாமல் வைத்ததுதான். பிறகு ரிசர்வ் விலை. இது சட்டமே அனுமதிக்கும் பாதுகாப்பு. அந்த விலையைத் தொடாவிட்டால் விற்க வேண்டியதில்லை. கட்டணம் கொஞ்சம் கூடும் என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு பின்வாங்குகிறார்கள்.

உங்கள் 1911 ரூபாய்க்கு ஏன் கிராக்கி என்றால், மன்னரின் அங்கியில் உள்ள யானை துதிக்கை குட்டையாகப் பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. அடித்த 94 லட்சத்தில் சுமார் 7 லட்சம் மட்டுமே வெளியே போயிற்று, மிச்சம் உருக்கப்பட்டது. 1912 முதல் யானையைத் திருத்திவிட்டார்கள். ஆண்டு 1911 என்றும் யானை திருத்திய வடிவிலும் இருந்தால் ஆண்டில் கைவைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். இதையெல்லாம் ஏலப் பக்கத்தில் ஆறு வரி எழுதி, இரண்டு பக்கமும் விளிம்பும் தெளிவாகப் படமெடுத்துப் போட்டிருந்தால் 2,350-இல் நின்றிருக்காது.

ஓவியச் சேகரிப்பாளர், தஞ்சாவூர்: ‘120 ஆண்டுப் பழமை’ என்று போட்டிருந்த தஞ்சாவூர் ஓவியத்தை ஏலத்தில் எடுத்தேன். இப்போது, ‘தொல்லியல் துறைப் பதிவு இல்லை, அதனால் தர முடியாது’ என்கிறார். இது சாக்கா?

இந்த முறை சாக்கு இல்லாமல் இருக்கலாம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டத்தின்படி நூறு ஆண்டு கடந்த பொருள் தொல்பொருள் (கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு). கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்புச் சிற்பங்கள், ஓவியங்கள், சித்திரமுள்ள சுவடிகள் போன்றவை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவான பொருள் கைமாறினால் அதையும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தொல்பொருளைத் தொழிலாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். பதிவில்லாத பொருளைத் தர மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். ‘பதிவு செய்துவிட்டுத் தருவீர்களா?’ என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். இல்லையென்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒதுங்குங்கள். உலோகச் சாமி சிலை என்றால் அதைக்கூடக் கேட்க வேண்டாம். அது எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று நாளைக்குச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு உங்கள் வாசலில் வந்து கேட்கும்.

அதே சமயம் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி 1940-களின் பேனாவையும் 1950-களின் கைக்கடிகாரத்தையும் தர மறுப்பவர்கள் உண்டு. நூறு ஆண்டு ஆகாத பேனாவும் கடிகாரமும் இதற்குள் வராது. அங்கே அது வெறும் சாக்கு.

ம.ரா., டோர்ட்முண்ட், ஜேர்மனி: பழைய யாழ்ப்பாணத் தபாலட்டைகள், கொழும்பு பிளாட்டே நிறுவனத்தின்டை, ஈபேயில் ஒரு யூரோவில் தொடங்கினது. 41 யூரோவில் நான்தான் முன்னுக்கு நிண்டனான். முடிய இரண்டு நாள் இருக்கேக்க விற்கிறவர் ஏலத்தை நிறுத்திப்போட்டார். ‘வெளியில ஒராள் கூடக் காசு தந்தவர்’ எண்டு எழுதுறார். ஏலம் முடியேல்லையெண்டால் ஒண்டும் செய்ய ஏலாதோ?

உங்கள் நாட்டில் செய்யலாம். இந்தியச் சட்டத்துக்கும் ஜேர்மன் நிலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். ஈபேயில் ஏலத்தைப் போட்டதே கட்டுப்படுத்தும் முன்மொழிவு என்று ஜேர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் கொள்கிறது. நியாயமான காரணமின்றி இடையில் நிறுத்தினால், நிறுத்திய நொடியில் முன்னால் நின்றவருக்கு, நின்ற விலைக்கே விற்றதாகக் கணக்கு.

2014 நவம்பரில் தீர்ந்த வழக்கு உங்களுடையதைப் போலவே இருக்கிறது. ஒரு யூரோவில் தொடங்கிய பழைய பசாட் கார். விற்பவர் வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் ஏலத்தை நிறுத்தினார். ஒரு யூரோவில் முன்னால் நின்றவருக்கு, காரின் மதிப்பான 5,250-இல் ஒன்றைக் கழித்து 5,249 யூரோ நஷ்டஈடு கிடைத்தது. விலை மிகக் குறைவு என்பதை நீதிமன்றம் காரணமாக ஏற்கவில்லை. குறைந்த விலையில் தொடங்கிய ஆபத்து விற்பவருடையது.

நியாயமான காரணம் எது? பொருள் களவு போனது ஒன்று. 2011-இல் ஒரு கமரா வழக்கில் அது ஏற்கப்பட்டது, கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ‘வெளியில் கூடக் கிடைத்தது’ ஏற்கப்படாது. அந்த வரியை அவரே எழுதிக் கொடுத்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அந்தச் செய்தியையும், நிறுத்திய நேரத்தில் நீங்கள் முன்னால் நின்றதைக் காட்டும் கேட்பு வரலாற்றையும் இன்றைக்கே சேமியுங்கள். எழுத்தில் 14 நாள் கெடு கொடுத்து அட்டைகளைக் கேளுங்கள்; பிறகு நஷ்டஈடு. இடையில் நிறுத்தப்படும் ஏலங்களையே தேடிப் பிடித்து வழக்காக்கும் ஆட்களுக்கு அங்கே ஒரு பெயரே உண்டு. அப்படி உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியது நிரூபணமானால் கோரிக்கை விழுந்துவிடும். யாழ்ப்பாண அட்டைகளைத் தொடர்ந்து சேர்ப்பவர் என்று காட்ட உங்கள் முந்தைய கொள்முதல்கள் உதவும்.

பேனா பிரியர், கோயம்புத்தூர்: அமெரிக்க விற்பவர் ஒருவர் பார்க்கர் வாக்குமேட்டிக் பேனாவை ஈபேயில் எனக்கு விற்றுவிட்டு, ‘ரத்து கோரிக்கையை நீங்கள் அனுப்பினால் பணம் உடனே வரும்’ என்கிறார். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். விற்பவர் தானே ரத்து செய்து ‘பொருள் கையிருப்பில் இல்லை’ என்ற காரணத்தைப் போட்டால் அவருடைய கணக்கில் குறையாகப் பதிவாகும். ‘வாங்குபவர் கேட்டார்’ என்றால் ஆகாது. அதற்குத்தான் இந்த இனிமை. ‘பேனா எனக்கு வேண்டும், தர முடியாவிட்டால் உண்மையான காரணத்தோடு நீங்களே ரத்து செய்யுங்கள்’ என்று ஈபே செய்தியிலேயே எழுதுங்கள். அவர் பொய்க் காரணம் போட்டால் அந்தச் செய்தியைக் காட்டி ஈபேயிடம் முறையிடலாம். பணம் எப்படியும் திரும்பும்.

வாசகர், திருநெல்வேலி: நான் இரண்டாவதாக வந்த ஏலத்தில், ‘முதல் ஆள் விலகிவிட்டார், உங்களுக்கே தருகிறேன், யு.பி.ஐ.-யில் பாதி அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப் வருகிறது.

விற்பவரின் பெயரில் வேறு யாரோ எழுதும் மோசடி இப்படித்தான் வரும். உண்மையாகவே இரண்டாம் வாய்ப்புத் தருபவர் தளத்துக்குள்ளேயே தருவார், பணமும் அங்கேயே கட்டச் சொல்வார். அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க முதல் சில மணி நேரம்தான் இருக்கிறது.

செய்தி உண்மையாகவே விற்பவருடையதாக இருந்தாலும் ஒன்றைப் பாருங்கள். விலகியதாகச் சொல்லும் முதல் ஆள் இவருடைய ஏலங்களில் மட்டுமே கேட்பவராக, ஒவ்வொரு முறையும் உங்களை அடுத்த படிக்கு ஏற்றிவிட்டு விலகுபவராக இருந்தால், அவர் விற்பவரின் ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். தானும் கேட்பேன் என்று முன்பே அறிவிக்காமல் விற்பவர் ஆள் வைத்துக் கேட்பது 64-ஆம் பிரிவின்படி சட்டவிரோதம். விலையை ஏற்றப் பொய்க் கேட்பு நடந்த விற்பனையை வாங்குபவர் விரும்பினால் உதறலாம். வாங்கியே தீர வேண்டும் என்று தோன்றினால், அந்த ஆளின் கேட்புகளை எல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தால் உங்கள் கேட்பு எந்த விலையில் நின்றிருக்குமோ, அந்த விலையைச் சொல்லுங்கள்.